சேர்வராயன் மலையில் தொலைக்காட்சிப் பாடம்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்பே, மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவு நிற்கிறது. உள்ளே இருந்த படப்பிடிப்புத் தளங்கள் போய்விட்டன. வளைவு மட்டும் மிஞ்சியிருக்கிறது. சுற்றுலா வரும் குடும்பங்கள் வண்டியை ஓரங்கட்டி, அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு மலையேறிவிடுகின்றன. தொலைக்காட்சித் தயாரிப்பைப் பல்கலைக்கழகத்தில் எப்படிக் கற்பிப்பது, ஏட்டுப் படிப்பையும் கைவேலையையும் எப்படி இணைப்பது என்ற கேள்வியை இந்த வளைவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு ஒரு விடை இங்கே ஏற்கெனவே ஒருமுறை சொல்லப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம், 1935இல் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். ஓர் ஆலையை நடத்தும் ஒழுங்கோடு ஸ்டுடியோவை நடத்தினார். நடிகர்களும் எழுத்தாளர்களும்கூட மாதச் சம்பளக்காரர்கள். 1937இல் ‘சதி அகல்யா’. அடுத்த ஆண்டே மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’. 1956இல் தமிழின் முதல் வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இந்த மலையடிவாரத்திலிருந்து வெளியேறின. அங்கே வேலை கற்றவர்களுக்குப் பாடத்திட்டம் கிடையாது. விளக்குத் தூக்கியவர் ஒளி கற்றார். கிளாப் அடித்தவர் காட்சியின் தொடர்ச்சியைக் கற்றார். இதுதான் பட்டறைக் கல்வி.

ஆனால் அதே வளாகத்துக்குள் இன்னொரு வகைப் படிப்பும் வந்து சேர்ந்தது. 1950இல் வெளியான ‘மந்திரி குமாரி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் திரைப்படம் படித்தவர். உடன் படித்த மாணிக் லால் டாண்டனின் அழைப்பில் 1935இல் இந்தியா வந்தவர். தமிழ் தெரியாதவர். ஐம்பெருங்காப்பியங்களில் ஒன்றான குண்டலகேசியின் கதையை எடுத்து மு. கருணாநிதி எழுதிய வசனத்தை, வசனம் புரியாத ஒரு பல்கலைக்கழகப் பட்டதாரி படமாக்கினார். படம் முடியும் முன்பே அவர் அமெரிக்கா திரும்ப, மீதியை ஆலை ஒழுங்கில் தேறிய சுந்தரம் முடித்தார். இரண்டு படிப்புகளும் ஒரே படத்துக்குள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டன. எழுபத்தைந்து ஆண்டுகள் கழிந்து, நம் காட்சித் தொடர்பியல் துறைகள் ‘தியரி’ என்றும் ‘பிராக்டிகல்’ என்றும் இரண்டாகப் பிரித்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போது, அந்தப் படம்தான் நினைவுக்கு வருகிறது.

தமிழ்நாட்டில் இந்தப் படிப்பு வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1945இல் சென்னையில் தொடங்கப்பட்ட திரைப்படத் தொழில்நுட்பப் பிரிவுதான் இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். பெயரில் இயங்கும் அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம். புனேயில் 1960இல் திரைப்படக் கல்லூரி வந்தது. 1974இல் தொலைக்காட்சிப் பயிற்சியும் அதோடு சேர்ந்தது. மறுஆண்டு ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியது. லயோலா கல்லூரியின் காட்சித் தொடர்பியல் துறை 1989இல் வந்தபோது, தனியார் அலைவரிசை என்று ஒன்று தமிழில் இல்லை. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்த பிறகுதான் இந்தப் படிப்புக்கு வேலைச்சந்தை உண்டானது. பின்னர் காட்சித் தொடர்பியலைக் குறிக்கும் ‘விஸ்காம்’ என்ற சொல் மாவட்டத் தலைநகரங்கள் வரை பரவியது. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் அமைந்த பிறகு, அதன் இதழியல், மக்கள் தொடர்பியல் துறையும் சுற்றியுள்ள மாவட்டக் கல்லூரிகளும் இந்தப் படிப்பைச் சேர்வராயன் மலையின் காலடிக்கே கொண்டுவந்தன.

இவ்வளவு பரவியும் ஒரு குறை தொடக்கத்திலிருந்தே ஒட்டிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சியைச் சிறிய சினிமாவாக நினைத்துத்தான் நாம் கற்பிக்கிறோம். மாணவர்களின் கனவில் கோடம்பாக்கம் இருக்கிறது, அதில் தவறில்லை. ஆசிரியர்களும் அந்தக் கனவுக்கே பாடம் எடுப்பதுதான் பிழை. இறுதியாண்டுச் செய்முறைத் தேர்வுக்கு வரும் படைப்புகளில் பெரும்பாலானவை பத்து நிமிடக் குறும்படங்கள். நேரலை நிகழ்ச்சி ஒன்றை நடத்திக்காட்டும் மாணவரைக் காண்பது அரிது.

தொலைக்காட்சியின் தனி இலக்கணம் கட்டுப்பாட்டு அறையில்தான் இருக்கிறது. பிசிஆர் என்று எல்லோரும் சொல்லும் அந்த அறைக்குள் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். எதிரே மூன்று கேமராக்களின் காட்சிகள் தனித்தனித் திரைகளில் ஓடும். இயக்குபவர் ஒரே நேரத்தில் மூன்று காலங்களில் வாழ்கிறார். இப்போது ஒளிபரப்பாகும் ஷாட், அடுத்து எடுக்கப்போகும் ஷாட், அதற்கடுத்ததற்காக மூன்றாம் கேமரா நகர வேண்டிய இடம். ‘டூ ரெடி… டேக் டூ’ என்று அவர் சொல்ல, ஸ்விட்சரில் இருப்பவர் பொத்தானை அழுத்துகிறார். தளத்தில் இருக்கும் ஃப்ளோர் மேனேஜர் விரல் மடக்கி நொடி காட்டுகிறார். விருந்தினர் பேச்சை நீட்டினால், ரன்டவுன் எனும் நிகழ்ச்சி வரிசைப் பட்டியலில் அடுத்துள்ள ஒரு பகுதி அங்கேயே செத்துப்போகும். அதை வெட்டுவதா, இவரை நிறுத்துவதா? முடிவெடுக்க நான்கைந்து நொடிதான் உண்டு.

அந்த நொடிகளில் எடுக்கும் முடிவு கைப்பழக்கம் மட்டும்தானா? இல்லை என்பதே என் கட்சி. யார் பேச்சை நிறுத்தலாம், யார் பேச்சை நிறுத்தக்கூடாது என்பது ஒரு கோட்பாட்டுக் கேள்வி. அமைச்சர் பேசினால் ஓடவிடுவோம், துப்புரவுத் தொழிலாளி பேசினால் விளம்பரத்துக்குப் போவோம் என்பது அந்த அறையில் எழுதப்படாத விதியாக இருக்கக்கூடும். அதைக் கண்டுபிடித்துப் பெயர் சொல்லக் கற்றுத்தருவதுதான் பல்கலைக்கழகத்தின் வேலை. ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதிய நூலில், தனித்தனி நிகழ்ச்சிகளைவிட அவற்றின் இடைவிடாத ஓட்டமே இந்த ஊடகத்தின் இயல்பு என்று வாதிட்டார். ரன்டவுன் ஒன்றைக் கையால் எழுதிப் பார்க்காத மாணவருக்கு அந்த வாதம் மனப்பாடம் செய்யும் வரியாகவே தங்கிவிடும். எழுதிப் பார்த்தவருக்கு அது உடனே விளங்கும். செய்திக்கும் விளம்பரத்துக்கும் நடுவில் எதை வைத்தால் பார்ப்பவர் எழுந்து போகமாட்டார் என்று அவர் ஏற்கெனவே மண்டையை உடைத்துக்கொண்டவர்.

புத்தகமும் கேமராவும் ஒரே மேசையில் உட்கார்ந்து வேலை செய்த நாட்கள் நம் நாட்டில் உண்டு. அதைப் பாடத்திட்டங்கள் ஓரிரு வரியில் கடந்துவிடுவது வருத்தமளிக்கிறது. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகக் கல்வி ஒளிபரப்பை அனுப்பிப் பார்த்தார்கள். ‘சைட்’ என்று அறியப்படும் அந்தத் திட்டத்தில் பொறியாளர்களும் தயாரிப்பாளர்களும் மட்டும் இல்லை. சமூகவியல் ஆய்வாளர்களும் இருந்தார்கள். நிகழ்ச்சி எடுப்பதற்கு முன்பே கிராமத்துக்குப் போய், அங்குள்ளவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது, எந்தச் சொல் புரியும் என்று கேட்டுவந்து தயாரிப்பாளரிடம் கொடுப்பது அவர்கள் வேலை.

அதைவிட ஆழமானது குஜராத்தின் கேடா மாவட்டத்தில் நடந்தது. இஸ்ரோவின் அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம், பிஜ் என்ற சிற்றூரில் குறைந்த சக்தியுள்ள ஒளிபரப்புக் கோபுரம் ஒன்றை வைத்து, நானூறுக்கும் மேற்பட்ட கிராமங்களின் பொதுத் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்கு உள்ளூர் நிகழ்ச்சிகளைக் கொடுத்தது. நிலவுடைமை, தீண்டாமை, கூலி, கந்துவட்டி என்று ஊர் பேசத் தயங்கிய விஷயங்கள் தொடர்களாக வந்தன. கிராமத்தவர்களே நடித்தார்கள். எடுத்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் காட்டி, அவர்கள் சொன்னதைக் கேட்டு அடுத்ததை எடுத்தார்கள். யுனெஸ்கோவின் தகவல் தொடர்பு வளர்ச்சித் திட்டம் 1984இல் கிராமப்புறத் தகவல் தொடர்புக்கான பரிசை அதற்குத் தந்தது. அங்கே ஆய்வு என்பது படப்பிடிப்பின் ஒரு வேலை. படப்பிடிப்பு ஆய்வின் ஒரு வழி. எது தியரி, எது பிராக்டிகல் என்று கேட்டால் அவர்களால் பதில் சொல்லியிருக்க முடியாது.

அதே 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழுவின் ‘நாடு தழுவிய வகுப்பறை’ தூர்தர்ஷனில் தொடங்கியது. அதற்காகப் பல்கலைக்கழகங்களுக்குள்ளேயே தயாரிப்பு மையங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அவற்றைப் பெற்றன. பேராசிரியர் ஒருபுறம், தயாரிப்பாளர் ஒருபுறம் உட்கார்ந்து ஒரு பாடத்தை இருபது நிமிடக் காட்சியாக மாற்ற வாதாடினார்கள். அண்ணா பல்கலைக்கழக வளாகத்திலிருந்து 2004 பிப்ரவரி 1 அன்று நாட்டின் முதல் வளாகச் சமுதாய வானொலி எழுந்ததற்கு, இப்படித் தயாரிப்பைத் தன் வேலையாகவே எடுத்துக்கொண்ட பழக்கம் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

இப்போது மலைக்கு வருகிறேன். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட விஸ்காம் மாணவர்களுக்கு ஏற்காடுதான் கைக்கெட்டிய வெளிப்புறப் படப்பிடிப்புத் தளம். காலைப் பேருந்தில் ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் அடி உயரத்தை எட்டிவிடலாம். எனவே ‘ஏற்காடு வீடியோ’ என்று ஒரு வகையே உருவாகிவிட்டது. முதலில் ஏரி, அதில் படகு. பிறகு லேடீஸ் சீட்டிலிருந்து கீழே தெரியும் சேலம். பிறகு பகோடா பாயின்ட், கிளியூர் அருவி, ஓர் ஆரஞ்சுக் கடை. பின்னணியில் புல்லாங்குழல். வெளித் தேர்வாளராகப் போன கல்லூரிகளில் இந்த ஒரே வீடியோவை வேறு வேறு பெயர்களில் பலமுறை பார்த்திருக்கிறேன். எடுத்த பிள்ளைகள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரே நாளில் மேலே போய் மாலைக்குள் இறங்கச் சொன்னால், மலை தன் முகப்பை மட்டும்தான் காட்டும்.

அதே மலை, திரும்பத் திரும்பப் போனால், எந்த ஸ்டுடியோவாலும் தர முடியாததைக் கற்பிக்கும். பனிமூட்டத்தை எடுத்துக்கொள்வோம். மூட்டம் இறங்கியதும் ஒளி நீலமாகும். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விட்டிருந்தால் ஒரே பேட்டிக்குள் முகத்தின் நிறம் மூன்று தடவை மாறும். தானியங்கிக் குவியம் பிடிமானம் இல்லாமல் அலையும். குளிரில் இருந்த கேமராவைச் சூடான அறைக்குள் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் பூக்கும். மலைமுகட்டுக் காற்று மைக்கில் அறைகிற சத்தத்தை எந்தத் தொகுப்பு மென்பொருளும் முழுதாக எடுத்துவிடாது; மைக்குக்குப் பஞ்சுறை போடாத தவறைப் பேட்டி முடிந்து அறைக்கு வந்த பிறகுதான் உணர்வார்கள். இவை எல்லாம் பாடப்புத்தகத்தில் ஓரிரு பக்கங்களில் இருப்பவைதான். கை நடுங்கும் குளிரில் அவை அறிவாக மாறுகின்றன.

இதைவிடப் பெரிய பாடம் காலம் பற்றியது. ஏற்காட்டின் வாழ்வு காபியோடு பின்னியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காலத்தில் இங்கே நுழைந்த பயிர் அது. கோடை மழையின் முதல் தூறல் விழுந்ததும், மார்ச் ஏப்ரலில், செடிகள் ஒரே நேரத்தில் வெள்ளையாகப் பூக்கும். மல்லிகை மணம் போல ஒரு மணம் சாலை வரை வரும். சில நாட்களில் உதிர்ந்துவிடும். பழம் பறிப்பது நவம்பரிலிருந்து ஜனவரி வரை. சேர்வராயன் கோயில் திருவிழா மே மாதத்தில். நம் பருவத்தேர்வு அட்டவணையோ ஜூனில் தொடங்கி நவம்பரில் ஒன்று, டிசம்பரில் தொடங்கி ஏப்ரலில் ஒன்று. பறிப்பின் முதல் பாதி தேர்வு நாட்களில் போய்விடும். திருவிழா விடுமுறையில் போய்விடும். பூக்கும் நாளை யாரும் முன்கூட்டிக் குறிக்க முடியாது. ஆக, இந்த மலையைப் பற்றி உண்மையான ஒரு நிகழ்ச்சி எடுக்க வேண்டுமென்றால் ஒரே பருவத்துக்குள் முடியாது. செய்முறைத் தாளை ஓர் ஆண்டு முழுவதும் நீட்டிவைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. பருவமுறை அதை அனுமதிக்க மறுக்கிறது. காரணம், மதிப்பெண்ணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றியாக வேண்டும். வேலை கற்றுக்கொடுக்கும் ஒரு படிப்புக்கு இதைவிடப் பெரிய இடையூறு கேமரா பற்றாக்குறைகூட இல்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பிறகு, யாரைப் படம் எடுக்கிறோம் என்பது. சேர்வராயன் மலையின் சிற்றூர்களில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் தாங்கள் என்று சொல்லிக்கொள்பவர்கள், தமிழ் பேசுபவர்கள். பெயரை மட்டும் கேட்டுவிட்டுக் கேரளத்தவர் என்று வர்ணனை எழுதிய மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். மால்கோ அலுமினிய நிறுவனம் இந்த மலைகளில் பாக்சைட் வெட்டிய கதை, எஸ்டேட்டுகளின் கூலிக் கதை, பள்ளிக்கூடங்களின் கதை எல்லாம் அவர்களிடம் இருக்கின்றன. கேமராவோடு போனால் அவர்கள் நமக்குத் தருவது ஒரு நடனமும் ஒரு புன்னகையும்தான். வருபவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். ஊடகக் கோட்பாட்டாளர் ஸ்டூவர்ட் ஹால் 1973இல் சொன்னது இங்கேதான் உயிர்பெறுகிறது. நிகழ்ச்சி செய்பவர் உள்ளே வைக்கும் பொருளும், பார்ப்பவர் எடுத்துக்கொள்ளும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பார்ப்பவர் ஏற்கலாம், பேரம் பேசலாம், எதிர்க்கலாம். யாரைப் பற்றி எடுத்தோமோ அவர்களே பார்ப்பவர்களாக உட்காரும்போது அந்தக் கோட்பாட்டுக்கு எலும்பும் சதையும் வந்துவிடுகிறது.

ஆனால் ஹாலை மாணவர்கள் எந்த மொழியில் படிக்கிறார்கள்? இதுவரை சொன்ன தடைகள் எல்லாவற்றையும்விட இதுவே அடிப்படையானது என்று நான் கருதுகிறேன். பெரும்பாலான துறைகளில் கோட்பாட்டுத் தாள் ஆங்கிலம். வழிகாட்டி நூலிலிருந்து மனப்பாடம், விடைத்தாளில் ஆங்கிலம். கேமராவைத் தூக்கியதும் தமிழ். செய்தி அறையில், படப்பிடிப்பில், தொகுப்பு மேசையில் ‘விஷுவல்ஸ் வந்துச்சா’, ‘பைட்டை இங்க வெட்டு’, ‘கட் அவே இல்லாம ஜம்ப் ஆகுது’ என்று தமிழ்தான் பேசப்படுகிறது, கடன்சொற்களோடு. கோட்பாடு ஒரு மொழியிலும் கைவேலை வேறொரு மொழியிலும் இருந்தால் அவை தலைக்குள் சந்திப்பதே இல்லை. ஒரு மாணவி பின்னணி மங்குவது ஏன் என்று தமிழில் அழகாக விளக்கினாள். லென்ஸ் துளையைத் திறந்தால் என்ன ஆகும், பக்கத்தில் போனால் என்ன ஆகும், எல்லாம் சரி. எழுத்துத் தேர்வில் அதே கேள்விக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதியதில் ஒரு வாக்கியமும் நிற்கவில்லை. அவளுக்குத் தியரி தெரியாது என்று விடைத்தாள் சொன்னது. தெரியும் என்று அவள் எடுத்த படம் சொன்னது. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று தொலைக்காட்சி நிலையங்களில் புதிதாக வருபவர்களிடம் சொல்வார்கள். ஏடு வேறு மொழியில் இருந்தது என்பதை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

ஆசிரியர் பற்றாக்குறையும் இதோடு சேர்கிறது. நெட், செட் போன்ற தகுதித் தேர்வோ முனைவர் பட்டமோ இல்லாமல் நிரந்தர ஆசிரியராக முடியாது. இருபது ஆண்டு பிசிஆரில் இருந்த ஒருவர் வகுப்புக்கு வர விரும்பினாலும் கௌரவ விரிவுரையாளராக மணிக்கணக்குச் சம்பளத்துக்கே வரலாம். 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு ‘நடைமுறைப் பேராசிரியர்’ என்ற பணியை அறிமுகப்படுத்தி, குறைந்தது 15 ஆண்டு அனுபவம் உள்ளவர்களை, அனுமதிக்கப்பட்ட இடங்களில் பத்து விழுக்காட்டுக்கு மிகாமல் சேர்த்துக்கொள்ளலாம் என்றது. நல்ல வழி. ஆனால் நிறுவனம் முழுவதற்குமான அந்த வரம்பைத் துறைவாரியாகப் பிரித்தால், நான்கு ஐந்து ஆசிரியர்கள் மட்டுமே உள்ள ஒரு துறைக்கு ஓர் ஆளின் பாதிக்கு மேல் வராது. இதை மாவட்டப் பல்கலைக்கழகங்கள் கூட்டாகக் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும்.

கருவி இல்லை என்ற குறையை மட்டும் நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. 1919இல் மாஸ்கோவில் உலகின் முதல் திரைப்படப் பள்ளி தொடங்கிய காலத்தில், ஃபிலிம் கிடைக்காத பஞ்சத்தில், லெவ் குலெஷோவ் தன் மாணவர்களை வைத்து ஃபிலிமே இல்லாத படங்களை மேடையில் ஷாட் ஷாட்டாக நடத்திப் பழக்கினார். 1986இல் தரமணி மாணவர்கள் சேர்ந்து எடுத்த ‘ஊமை விழிகள்’ வந்தபோது, கல்லூரியில் படித்தவர்களுக்கு என்ன தெரியும் என்ற பேச்சு தமிழ்த் திரையுலகில் தணிந்தது. இன்று ஒவ்வொரு மாணவரின் சட்டைப்பையிலும் கேமரா இருக்கிறது. மூன்று கைபேசிகள், ஒரு மேசை, ஒரு கைக்கடிகாரம் இருந்தால் வகுப்பறையிலேயே கட்டுப்பாட்டு அறையை நடத்திப் பார்க்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவர் குழுவோடு ஏற்காட்டுக்கு மேலே ஒரு சிற்றூருக்குப் போய் வந்தேன். டிசம்பர் மாதம், பழம் பறிப்பு. பெண்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சில்வர் ஓக் நிழலில் சிவந்த பழங்களை விரல்களால் உருவிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் நாள் முழுக்க எடுத்தார்கள். விரல்கள், பழம், மிளகுக்கொடி, சிரிப்பு. மாலை மங்கியதும் மூட்டைகளைத் தராசுக்குக் கொண்டுபோனார்கள், அதையும் எடுத்தார்கள். கல்லூரியில் தொகுத்தபோது எட்டு நிமிடம் வந்தது. ஒளிப்பதிவு அருமை. தராசுக் காட்சி வெளிச்சம் போதாமல் புள்ளி புள்ளியாக இருந்ததால் அதை எடுத்துவிட்டார்கள். தொழில்நுட்பப்படி சரியான முடிவு. நானும் ஒத்துக்கொண்டேன்.

மார்ச்சில், தூறல் விழுந்து செடிகள் பூத்திருந்த வாரம், அதே ஊருக்குத் திரும்பப் போய்ப் பள்ளிக்கூடச் சுவரில் வேட்டி கட்டி அதைக் காட்டினோம். எல்லோரும் தங்கள் முகம் வந்தபோது சத்தமிட்டார்கள். முடிந்ததும் முன்வரிசையிலிருந்த ஒரு பாட்டி கேமரா பிடித்த மாணவனைக் கூப்பிட்டார்.

“ஏங் கண்ணு, எடை போடுற எடத்தையும் புடிச்சீங்கல்ல? அது எங்க?”

“அது இருட்டா இருந்துச்சுங்க ஆத்தா. தெரியல.”

“எங்களுக்குத் தெரியுமே கண்ணு. பொழுதுக்கும் பறிக்கிறதே அந்தத் தராசுக்குத்தானே.”

இறங்கும் பேருந்தில் அவன் ஒன்றும் பேசவில்லை. இரண்டாம் தொகுப்பில் அந்த இருட்டுக் காட்சி முப்பத்தொரு நொடி வந்தது. புள்ளிகளோடு, தராசு முள்ளின் சத்தத்தோடு, எடை சொல்லும் குரலோடு, வர்ணனை ஏதும் இல்லாமல்.